புதுப்பிப்பு: அண்ணனைக் கத்தியால் வெட்டிய விஷயம்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தண்ணீர்க்குழாய்ச் சண்டையில் ஒருவர் என் அண்ணனைக் கவ்வாத்துக் கத்தியால் (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) வெட்டியதையும், "சின்னக் காயம்தானே, மத்தியஸ்த சபையில் பேசி முடியுங்கள்" என்று (அதாவது, நீதிமன்றம் போகாமல் சமரசம் பேசும் சபையில்) பொலிஸார் சொன்னதையும் முன்பு எழுதியிருந்தேன்.

இப்போது சட்ட வைத்திய அதிகாரியின் (வழக்குக்காகக் காயத்தைப் பரிசோதிக்கும் அரசாங்க டாக்டர்) அறிக்கை வந்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் கோடு தெளிவாகத் தெரிகிறது. தண்டனைச் சட்டக்கோவை 311ஆம் பிரிவுப்படி எலும்பு முறிந்தாலே அது கடுங்காயம். சாதாரணக் காயத்துக்கு, அதாவது 314க்கு, கூடியது 1 வருடச் சிறை. வெட்டும் ஆயுதத்தால் கடுங்காயம் என்றால் 317. 10 வருடம் வரை போகலாம். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்!

சரி, என்ன செய்வதென்று கேட்டவர்களுக்கு: காயம் ஆறுமுன்பே பொலிஸ் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். முறைப்பாட்டில் ஆயுதத்தின் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.