தலைச் சுற்றளவு குறைவு என்றால் மூளை வளர்ச்சி குறைவு என்று பொருளா?

கேள்வி

வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம். இப்போது 30 வாரங்கள் முடிந்திருக்கின்றன. 20ஆம் வாரத்தில் எடுத்த அனாமலி ஸ்கேனில் குறையேதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். சென்ற வாரம் எடுத்த குரோத் ஸ்கேனில் குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியிலிருந்து 2 திட்ட விலக்கத்திற்குச் சற்றுக் கீழே இருப்பதாகவும், வயிற்றுச் சுற்றளவும் தொடை எலும்பின் நீளமும் இயல்பாக இருப்பதாகவும் அறிக்கை கூறுகிறது. இரண்டு வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

நான் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள். சராசரியிலிருந்து அளவுகள் பொதுவாக எவ்வளவு விலகும் என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் எனக்குப் புதிதன்று. அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. மண்டையோட்டைச் சுற்றி எடுத்த அளவை வைத்து உள்ளே இருக்கும் மூளையைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? எம்.ஆர்.ஐ. அதற்கு மேல் எதைக் காட்டும்? அதனால் குழந்தைக்குத் தீங்கு உண்டா? ஆறுதல் சொல்ல வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். இந்த அளவீடு எப்படி நடக்கிறது என்று புரிந்தால்தான் என் மனம் சற்று அடங்கும்.

மறுமொழி 1

சகோதரி, கருவுற்ற பெண்களுக்கு ஸ்கேன் செய்யும் மருத்துவராகப் பணிபுரிகிறேன். படங்களைப் பார்க்காமல் உங்கள் குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது என்பதால், அளவீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் அளப்பது மண்டையோட்டைத்தான். தலையைக் குறுக்காகக் காட்டும் ஒரு தளத்தில் நடுக்கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் இருபுறமும் தலாமஸ்கள் என்ற மூளைப் பகுதிகள் சமமாக அமைய வேண்டும். முன்பகுதியில் கேவம் என்று நாங்கள் சொல்லும் திரவம் நிறைந்த சிறிய இடைவெளி தெரிய வேண்டும். அந்தப் படத்தில் எலும்பின் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு நீள்வட்டம் வரைந்தால் கிடைப்பதே தலைச் சுற்றளவு. சிறுமூளையும் அதே படத்தில் வந்துவிட்டால் தளம் சாய்ந்துவிட்டது என்று பொருள். அந்த அளவை நம்பக் கூடாது.

பிறவாத குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையாதவை. உள்ளே மூளை வளர்ந்து தள்ளுவதற்கு ஏற்ப அவை விரிகின்றன. ஆகவே சுற்றளவு என்பது மூளை வளர்ச்சிக்கு ஒரு நல்ல மறைமுகச் சான்று. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் உடன் பணியாற்றியவர்களும் 1958இல் லான்செட் மருத்துவ இதழில் மீயொலிப் படங்களை (இன்று ஸ்கேன் என்பவை) வெளியிட்ட காலத்தை அடுத்து, கருவின் வளர்ச்சியைத் தலையின் அளவைக் கொண்டு கணிக்கும் வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் இதுவே. ஆனால் இந்தச் சான்று ஏமாற்றவும் கூடும். மூளைக்குள் உள்ள திரவ அறைகளான வெண்ட்ரிக்கிள்களில் திரவம் பெருகினால், மூளைத்திசு மெலிந்திருக்கும்போதே தலை பெரிதாக இருக்கும். அதனால்தான் பக்க வெண்ட்ரிக்கிளின் அகலத்தைத் தனியே அளக்கிறோம். அது 10 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். சிறுமூளையின் குறுக்களவையும் பார்க்கிறோம். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அது மில்லிமீட்டரில் ஏறத்தாழ வாரங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். உங்கள் அறிக்கையில் இவ்விரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, எந்த வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டார்கள் என்பது. ஹாட்லாக் அட்டவணை அமெரிக்காவில் உருவானது. இன்டர்குரோத்-21 அட்டவணை, நாக்பூர் உட்பட எட்டு நாடுகளின் நகரங்களில் ஆரோக்கியமான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிடப்பட்டது. ஒரே குழந்தை ஓர் அட்டவணையில் எல்லைக்கு வெளியிலும் மற்றொன்றில் உள்ளேயும் விழ வாய்ப்புண்டு. 3 திட்ட விலக்கத்திற்கும் கீழே போனால்தான் சிறுதலை என்ற சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். 2க்கும் 3க்கும் இடையில் இருந்து, மூளையின் அமைப்பும் இயல்பாக இருந்தால், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

இன்னொன்றையும் நீங்களே செய்யலாம். உங்கள் தலையையும் கணவரின் தலையையும் டேப்பால் அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையின் அளவு குடும்பத்தில் வருவது. ஆனாலும் இதைக் கேட்க நாங்களே பல நேரம் மறந்துவிடுகிறோம்.

மறுமொழி 2

கருவின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினியில் பகுப்பாய்வு செய்யும் துறையில் இருக்கிறேன், மருத்துவர் அல்லேன்.

முதலில் பாதுகாப்பு. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில்தான் எடுக்கிறார்கள். காடோலினியம் என்ற சாய மருந்தைத் தவிர்க்கிறார்கள். சத்தம் அதிகமாக இருக்கும். மல்லாந்து படுக்கச் சிரமமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம்.

கருவைப் படம் பிடிப்பதில் உள்ள பெரிய சிக்கல், அது அசைந்துகொண்டே இருப்பதுதான். அதனால் ஒவ்வொரு வெட்டுப் படத்தையும் ஏறத்தாழ ஒரு நொடியில் எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வெட்டும் 3 முதல் 4 மி.மீ. தடிமன் உடையது, அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையில் குழந்தை தலையைத் திருப்பியிருக்கும். மூன்று திசைகளில் எடுத்த இத்தகைய அடுக்குகளைக் கணினி ஒன்றோடொன்று பொருத்தி, அசைவைக் கணக்கிட்டு நீக்கி, 1 மி.மீ.க்கும் நுண்மையான ஒரே முப்பரிமாணப் படமாகக் கட்டுகிறது. பிறகு மூளையின் வெளி அடுக்கான புறணி, அதனடியில் உள்ள வெண்பகுதி, வெண்ட்ரிக்கிள்கள், சிறுமூளை, மூளைத்தண்டு எனத் திசுக்களைப் பிரித்து ஒவ்வொன்றின் கனஅளவையும் கணக்கிடலாம். சுற்றளவால் சொல்ல முடியாததை இது சொல்கிறது: உள்ளே எவ்வளவு திசு, எவ்வளவு திரவம், எந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறது.

இதன் பயனுக்கு எடுத்துக்காட்டாக எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதயக் குறைபாடுள்ள கருக்களைப் பற்றிய ஆய்வு. அத்தகைய குழந்தைகளின் மூளைக் கனஅளவு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மற்றக் குழந்தைகளைவிடப் படிப்படியாகப் பின்தங்குவதை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு எம்.ஆர்.ஐ. வழியாகக் காட்டியது. பிறந்த பின் அறுவை சிகிச்சையால் மட்டுமே வருவதாகக் கருதப்பட்ட பாதிப்பின் ஒரு பகுதி கருவறையிலேயே தொடங்குகிறது என்று அதனால் தெரிந்தது.

ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் அறிக்கையில் கனஅளவு எண்கள் பெரும்பாலும் இருக்காது. மென்பொருளுக்கு மென்பொருள் அவை மாறுவதால், ஓர் இடத்து எண்ணை வேறோர் இடத்து அட்டவணையோடு ஒப்பிடுவது சரியன்று என்பதே என் கருத்து. கதிரியக்க மருத்துவர் பார்ப்பது அமைப்பை. 20ஆம் வாரத்தில் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும் மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொரு மடிப்பும் தனக்குரிய வாரத்தில் தோன்றும். 30 வாரங்களைக் கடந்த பிறகு அவை வயதுக்கேற்ப இருக்கின்றனவா என்று நன்றாகக் காண முடியும். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான மெரிடியன் ஆய்வில், மூளைக் குறை இருக்கலாம் என்று ஸ்கேனில் ஐயம் எழுந்த 570 கருக்களைப் பார்த்தார்கள். ஸ்கேனின் கணிப்பு 68 விழுக்காடும் எம்.ஆர்.ஐ.யின் கணிப்பு 93 விழுக்காடும் சரியாக இருந்தன. ஏற்கெனவே ஐயம் எழுந்தவர்களிடம் கிடைத்த எண்கள் இவை. எல்லாக் கர்ப்பிணிகளும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு ஒரு சிறு சேர்க்கை. இன்டர்குரோத்-21 திட்டத்தில் எடுத்த முப்பரிமாண ஸ்கேன்களைக் கொண்டே, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 14 முதல் 31 வாரங்கள் வரையிலான மூளை வரைபடம் ஒன்றை உருவாக்கி 2023இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 899 கருக்களின் படங்கள் அதற்குப் பயன்பட்டன; அந்தக் குழந்தைகளின் வளர்ச்சி இரண்டு வயது வரை கவனிக்கப்பட்டது என்பது அதன் தனிச்சிறப்பு. எம்.ஆர்.ஐ. வசதி இல்லாத ஊர்களிலும் ஸ்கேன் கருவி இருக்கிறது என்பதால், இந்த வழி நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி என்ற தொகுப்பு வேறு வகையானது. கர்ப்பத்தின் இரண்டாவது மும்மாதத்தில் (4 முதல் 6 மாதம்) உள்ள கருவின் மூளையை மெல்லிய வெட்டுகளாக எடுத்து, செல்கள் தெரியும் அளவுக்கு நுண்மையாகப் பதிவு செய்த 5,132 படங்கள் அதில் உள்ளன. உயிருள்ள குழந்தையை அளக்க அது பயன்படாது, ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிவது உண்மையில் எந்தத் திசு அடுக்கு என்று ஒப்பிட்டு அறிய அது அடித்தளமாகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அறிக்கையில் வெண்ட்ரிக்கிளின் அகலம் 6.8 மி.மீ. என்றும் சிறுமூளை இயல்பு என்றும் இருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி. ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும் என்றால், இரண்டு அளவுகளைக் கழித்து வளர்ச்சியைக் கணக்கிடும்போது பிழை கூடத்தானே செய்யும்? அப்படியானால் இரண்டு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேன் எதை உறுதியாகச் சொல்லும்?

மறுமொழி 1 எழுதியவர்

சரியாகச் சொன்னீர்கள் சகோதரி. இரண்டு வாரத்திற்கு முன்னதாக மறுபடி அளக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமே அதுதான். தலைச் சுற்றளவு 20ஆம் வாரத்தை ஒட்டி வாரத்திற்குச் சுமார் 1 செ.மீ. கூடும், 30 முதல் 32 வாரங்களில் வாரத்திற்கு 7 முதல் 8 மி.மீ. வரை, கடைசி வாரங்களில் அதைவிடக் குறைவு. ஒரே குழந்தையை இருவர் அளந்தாலே சில மில்லிமீட்டர் வேறுபாடு வரும். ஒரு வாரத்தில் அந்தப் பிழை வளர்ச்சியை மறைத்துவிடும். இரண்டு வாரங்களில் வளர்ச்சி பிழையை மிஞ்சத் தொடங்கும். மூன்றாம் ஸ்கேனும் சேர்ந்தால் கோட்டின் போக்கு தெளிவாகும். முடிந்தால் அதே மருத்துவரிடம், அதே கருவியில், அதே அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடு தாழ்வாக இருந்தாலும் அட்டவணைக்கு இணையாகவே சென்றால், அது பெரும்பாலும் சிறிய தலையுள்ள, ஆரோக்கியமான குழந்தை. கோடு மேலும் சரிந்து சென்றால் எம்.ஆர்.ஐ., நோய்த்தொற்றுப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரே பேசுவார். சென்ற ஸ்கேனின் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீள்வட்டம் எந்தத் தளத்தில் வரையப்பட்டது என்பதை அவர் முதலில் பார்க்க விரும்புவார்.