எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போகும் மகளுக்கு எந்த மடிக்கணினி? கிராஃபிக்ஸ் கார்டு அவசியமா?

கேள்வி – தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம் ஒதுக்கீட்டில் என் மகளுக்கு ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசுப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். மடிக்கணினிக்கு 60,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன்; அதற்கு மேல் போனால் தேங்காய் விலையைத்தான் நம்ப வேண்டும். பாலக்காட்டில் ஒரு கடையில் விசாரித்தபோது, பொறியியல் என்றாலே தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் மாடல்தான் வேண்டும் என்று 75,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். உறவினர் ஒருவர், மேக்புக் வாங்கிவிட்டால் நான்கு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்கிறார். பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கை மகனோ, கோவையில் பயன்படுத்திய மடிக்கணினி பாதி விலைக்குக் கிடைக்கும்போது புதிதாக எதற்கு என்று கேட்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? வகுப்பு தொடங்கும் முன்பே வாங்க வேண்டுமா, ஒரு செமஸ்டர் பொறுக்கலாமா? மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் – ஆய்வகப் பயிற்றுநர், பாலக்காடு

ஐயா, வணக்கம். முதலில் வாங்கும் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரி முதல்வரும் துறைத் தலைவரும் எதையும் கட்டாயப்படுத்தாதபோது முதல் மாதத்திலேயே அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2024 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் நிரல்மொழி வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மட்டும் நிரல் எழுதப் பழக முடியாது என்பதால், ஒரு செமஸ்டர் முழுக்கக் காத்திருப்பதும் நல்லதல்ல. வகுப்பு தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில், மூத்த மாணவிகள் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று மகளையே பார்த்துவரச் சொல்லி, அதன் பிறகு வாங்குங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, கடைக்காரர் சொன்னது இயந்திரவியல், கட்டடவியல் மாணவர்களுக்கு ஓரளவு பொருந்தலாம். உங்கள் மகளின் பிரிவுக்குப் பொருந்தாது. எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் செய்வதெல்லாம் சர்க்யூட் சிமுலேஷன், மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லுக்கு நிரல் எழுதுதல், வெரிலாக் (சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் மொழி), சிக்னல் பிராசஸிங் ஆகியவைதான். எல்டிஸ்பைஸ், கைகேட், ஆர்டுயினோ, ஐகாரஸ் வெரிலாக் ஆகிய நான்கு மென்பொருள்களுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பலகைக்கான விவாடோ என்ற மென்பொருள்தான் கொஞ்சம் பெரிய வயிற்றுக்காரன். அதன் இலவசப் பதிப்பே பல பத்து ஜி.பி. இடத்தைத் தின்னும், எழுதியதைச் சர்க்யூட்டாக மாற்றும் சிந்தசிஸ் ஓடும்போது நினைவகத்தையும் நிறையக் கேட்கும். ஆகவே உங்கள் பணம் போக வேண்டிய இடம் ரேம் என்ற அந்த நினைவகமும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யும்தான். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்குக் குறைந்து வாங்காதீர்கள். ரேம் இப்போதைக்கு 8 ஜி.பி. போதும், தேவைப்படும்போது இன்னொரு 8 ஜி.பி. போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்தினால், இரண்டு ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்த ஒரு வரியை நம்பலாம்.

மேக்புக் நல்ல கருவிதான், பேட்டரி நாள் முழுக்க நிற்கும். ஆயினும் விவாடோ அதில் ஓடாது. 8051, ஆர்ம் சில்லுகளுக்கான ஆய்வகங்களில் பயன்படும் கெய்ல் மியூவிஷன் மென்பொருளும் விண்டோஸுக்கானது. வாங்கிய பின் சுற்றுவழி தேடிக்கொண்டிருப்பதற்கு இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கனமான வேலைகளுக்கு வெளியே வசதிகள் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. மெஷின் லேர்னிங் பாடத்துக்கு ஜி.பி.யூ. (கிராஃபிக்ஸ் கார்டின் செயலி) வேண்டுமென்றால் கூகுள் கோலாபில் உலாவி வழியாகவே இலவசமாகக் கிடைக்கிறது; எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஆனால் இளநிலைப் பாடத்துக்குப் போதும். கேகிள் தளமும் வாரத்துக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் தருகிறது. கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப் ஆன்லைனின் அடிப்படைப் பதிப்பை மாதம் 20 மணி நேரம் காசில்லாமல் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அதற்கு இலவச மாற்றான ஆக்டேவ் அல்லது சைலாப் இருக்கவே இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி குழு உருவாக்கிய ஈசிம் என்ற மென்பொருள், கைகேடையும் என்ஜிஸ்பைஸையும் இணைத்துச் சர்க்யூட் வரைவதையும் சோதிப்பதையும் ஒரே இடத்தில் முடிக்க உதவுகிறது. தமிழ் வழியில் படித்தவள் என்றீர்கள்: அதே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், சி, பைத்தான், சைலாப் பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. திரையில் ஆங்கிலமும் காதில் தமிழுமாக முதல் செமஸ்டரில் கேட்டால் வகுப்பில் தடுமாற்றம் குறையும்.

பதில் – பழுது பார்ப்பவர், தத்தமங்கலம்

ஆய்வகப் பயிற்றுநர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். இப்போது 8 ஜி.பி. வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது சில ஆண்டுகளுக்கு முன் நல்ல யோசனை. 2025 இறுதியிலிருந்து மெமரி விலை கடுமையாக ஏறிவிட்டது; தனியாக ஒரு ரேம் வாங்கும் விலைக்கும், முதலிலேயே 16 ஜி.பி. உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எடை குறைந்த மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், அவற்றில் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பயன்படுத்திய மடிக்கணினி என்றால் தங்கை மகன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நிறுவனங்களில் இருந்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகளின் உடலும் விசைப்பலகையும் கடைகளில் விற்கும் புதிய மலிவு மாடல்களைவிட உறுதியானவை. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அந்தப் பழைய சரக்கைத்தான் இப்போது விலை குறைத்துத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வாங்கும் முன் விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இன்று முழுதாக ஏறும் கொள்ளளவும் அடுத்தடுத்த வரிகளில் வரும். பின்னது முன்னதில் பாதிக்கு வந்திருந்தால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். திரையின் கீல் தளர்ந்திருக்கிறதா, சார்ஜர் நுழையும் துளை ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலும் பழுதாகி இருப்பவை அந்த இரண்டு இடங்கள்தான்.

பதில் – இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன், சித்தூர்

ஐயா, கேமிங் மடிக்கணினி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பிரிவின் மென்பொருள்களான சாலிட்வொர்க்ஸும் ஆன்சிஸ் மாணவர் பதிப்பும் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், எனக்குக் கிராஃபிக்ஸ் கார்டு பயன்படுகிறது. அப்படியும் வெள்ளிக்கிழமை மாலை பாலக்காட்டில் பேருந்து மாறி ஊருக்கு வரும்போது, மடிக்கணினியோடு செங்கல் போன்ற அந்தச் சார்ஜரையும் சுமப்பது சுகமான அனுபவமில்லை. சார்ஜர் இல்லாமல் வகுப்பில் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. தங்கைக்கு, அதாவது உங்கள் மகளுக்கு, 14 அங்குலத் திரையுள்ள எடை குறைந்த மாடலே போதும்.

இன்னொன்று: கேரளப் பள்ளிகளில் கைட் குனு/லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் எல்லோரும் பயிற்சி பெற்றிருக்கிறோம், அது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸோடு உபுண்டுவையும் நிறுவிக்கொண்டால் தங்கைக்குப் பழகிய இடமாக இருக்கும். விவாடோவும் லினக்ஸில் ஓடும்.

கேள்வி கேட்டவர் – தோப்புக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. கேமிங் மாடலையும் மேக்புக்கையும் விட்டுவிட்டேன். 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள புதிய மடிக்கணினியாகவே பார்க்கிறேன். எல்லைக்கு அப்புறம் தமிழ்நாட்டில் 2011-இல் அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்புறம் பிறந்த எங்களுக்கு அந்த யோகமில்லை. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதில் மடிக்கணினியின் விலையையும் சேர்க்க முடியுமா?

பதில் – ஆய்வகப் பயிற்றுநர், பாலக்காடு

முடியும் ஐயா. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையானால் நியாயமான விலையில் கணினி வாங்குவதும் ஏற்கத்தக்க செலவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கடையில் இருந்து விலைப்பட்டியலைக் கடையின் முத்திரையோடு வாங்கி, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தோடு சேர்த்து விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கடன் ஒப்புதலான பிறகு சேர்க்கச் சொன்னால் மேலாளர் தயங்குவார். ரேம் பற்றித் தத்தமங்கலத்து நண்பர் சொன்னதே இன்றைய நிலவரத்துக்குச் சரி. விலைப்பட்டியலில் மாடல் எண்ணை முழுமையாக எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரண்டும் வருகின்றன.