கட்டி முடியாத வீட்டில் களவும் சேதமும்: எமது அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:
கத்தாரில் வேலை செய்யும் என் தம்பிக்காக நாவலடிப் பக்கம் கட்டிவரும் வீட்டில், கூரை போட்டு, கதவுகள் இன்னும் பூட்டப்படாத நிலையில், இரவோடிரவாக வயர்களை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். போன வயரை விட அவர்கள் செய்த சேதமே எங்களைப் பெரிதும் வாட்டியது. சுவிட்ச் பெட்டிகளைச் சுற்றியிருந்த பூச்சை அலவாங்கால் கொத்திப் பெயர்த்து, சுவருக்குள் பதித்திருந்த குழாய்களையும் நொறுக்கியிருந்தார்கள். வாவிக் கரையோர மணலில் கருகிய பிளாஸ்டிக் உறை அப்பிக் கிடந்தது. உறையை எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் செம்பு. அது யாருடைய வயர் என்று எவராலும் அடையாளம் காட்ட முடியாது. ஆகையால், பொலிஸில் முறைப்பாடு பதிந்தும் பொருள் திரும்பவில்லை. இப்போது வேலையின் ஒழுங்கையே மாற்றிவிட்டோம்: பூச்சுக்கு முன் குழாய்களை மட்டும் பதித்துவிட்டு, கதவு யன்னல்கள் பூட்டிய பின்னரே வயர் இழுக்கிறோம். மின்வேலை செய்பவர் இரண்டு தரம் வரவேண்டியிருந்தாலும் அந்தச் செலவு தகும்.

காரைதீவிலிருந்து:
அண்ணா, நீங்கள் சொன்ன ஒழுங்கு கம்பிக்கும் சீமெந்துக்கும் கூடப் பொருந்தும். 50 கிலோ மூட்டையை ஒரு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்பதால், அந்தந்தக் கிழமை வேலைக்கு வேண்டியதை மட்டுமே இறக்குகிறோம். மாரியில் வேலை தடைப்பட்டு, அடுக்கி வைத்த சீமெந்து ஈரத்தில் கட்டிபடுவதும் இதனால் தவிர்ந்தது. கம்பியின் நுனியில் மட்டும் பெயின்ற் பூசினால் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். அதனால் நீளம் முழுவதும் இடைவிட்டுப் பூசி, அந்த நிறத்தை அயலிலுள்ள பழைய இரும்புக் கடைகளுக்கும் நேரில் சென்று அறிவித்தோம். களவுப் பொருளென்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின்படி குற்றம் என்பதைக் கடைக்காரர்களும் அறிவார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
எங்களுக்குக் கைகொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. மாலை ஆறு மணிக்குப் பிறகு வளவுக்குள் எந்த வாகனம் வந்தாலும் அது எங்களுடையதல்ல என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். தண்ணீர் மோட்டாரைக் கழற்ற வந்தவர்கள் அவர் சத்தம் போட்டதும் ஓட்டோவில் ஏறி ஓடிவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏதேனும் தொலைந்தால் உடனே மேசன்மாரைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம். அன்றாடம் வேலை முடிந்ததும் மூட்டைகளையும் கம்பிகளையும் மேசனோடு சேர்ந்து எண்ணி, கொப்பியில் எழுதி, இருவரும் கையெழுத்திடுகிறோம். இதை முதலில் கேட்டவர் எங்கள் மேசன்தான்.