ஹெர் எக்ஸ்-1: 20.6 கே.இ.வி.யில் இன்னொரு பள்ளம், நிஜமா? உதவி தேவை

கேஎல்_மாணவன்: வணக்கம். மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு ஹெர் எக்ஸ்-1-ங்கிற நியூட்ரான் விண்மீனோட நூஸ்டார் (எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கி) நிறமாலைத் தரவை எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் ஃபிட் பண்றேன். 37 கே.இ.வி. (ஆற்றல் அலகு) சைக்ளோட்ரான் கோடு, அதாவது காந்தப்புலத்துல எலக்ட்ரான்கள் எக்ஸ்ரேயை உறிஞ்சுறதால வர்ற பள்ளம், அழகா விழுது. ஆனா 20.6-லயும் ஒரு பள்ளம், ரெண்டு டிடெக்டர்லயும் ஒரே இடத்துல. அதுக்கும் ஒரு ஜிஏப்ஸ் (உறிஞ்சல் கோட்டுக்கான மாடல்) சேர்த்தா கை-ஸ்கொயர் (தரவுக்கும் மாடலுக்கும் உள்ள விலகல்) 140 இறங்குது. அப்போ 20.6-தான் அடிப்படைக் கோடா, 37 அதோட இரண்டாவது ஹார்மோனிக்கா (மடங்குக் கோடா)? அப்படின்னா காந்தப்புலம் 4.1 லட்சம் கோடி காஸ் இல்ல, 2.3தான். வெள்ளிக்கிழமை சார்கிட்ட காட்டணும்.

மாடல்: பவர்லா (அடுக்கு விதி), ஹைஈகட் (கட்-ஆஃப் ஆற்றலுக்கு மேல அதைக் குறைக்கிறது), 6.4-ல இரும்புக் கோட்டுக்கு ஒரு காஸியன்.

பட்டர்வொர்த்_வாசி: பின்னணியைப் பாருங்க. நூஸ்டார் கவசத்துல இருக்கிற சீசியம், அயோடின் கோடுகள் 28, 31 பக்கம் வந்து தொல்லை பண்ணும்.

பினாங்கு_அக்கா: அது 20.6-ஐத் தொடாது. ஹெர் எக்ஸ்-1 பிரகாசமாக இருக்கும்போது பின்னணி அங்கே ஒரு பொருட்டே இல்லை. தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: ஹைஈகட்டில் கட்-ஆஃப் எத்தனை வந்திருக்கு?

கேஎல்_மாணவன்: 20.4 அக்கா.

பினாங்கு_அக்கா: அப்படிப் போடுங்க! ஹைஈகட் கட்-ஆஃப் வரைக்கும் ஒண்ணும் செய்யாது, அதைத் தாண்டியதும் திடீர்னு வளைக்கும். அந்த இடத்தில் சரிவு சட்டென மாறும். நட்சத்திரம் அப்படி முழங்கையை மடக்குறதில்லை. தரவு வழுவழுன்னு போகும், மாடல் முனையா நிற்கும், நடுவில் பள்ளம் தெரியும். ரெண்டு டிடெக்டரிலும் வந்தது சாட்சி இல்லை, ரெண்டுக்கும் ஒரே மாடல்தானே போட்டீங்க.

சோதிச்சுப் பாருங்க. ஜிஏப்ஸை எடுத்துட்டு கட்-ஆஃபை 18-ல ஃப்ரீஸ் பண்ணி ஃபிட் பண்ணுங்க, அப்புறம் 23-ல. பள்ளம் கூடவே நகர்ந்தா அது மாடலோட குழந்தை. பிறகு பவர்லா, ஹைஈகட் ரெண்டையும் தூக்கிட்டு ரெண்டு கட்ஆஃப்பிஎல் (முனையில்லாம வழுவழுன்னு இறங்குற பவர்லா) போடுங்க: இரண்டாவதோட இண்டெக்ஸ் -2-ல ஃப்ரீஸ், மடிப்பு ஆற்றல் ரெண்டுக்கும் ஒண்ணாக் கட்டிடணும். 37-லயுள்ள ஜிஏப்ஸை மறக்காதீங்க. அதோட அகலத்தை அவிழ்த்து விட்டா கன்டினூவத்தையே (கோடுகளுக்கு அடியில் இருக்கிற தொடர் நிறமாலையை) விழுங்கிடும்.

இந்த விண்மீனே இப்படித்தான் ஆட்களைக் குழப்பியிருக்கு. 1976-ல பலூனில் முதல்தடவை பார்த்தப்போ 58-ல உமிழ்வுக் கோடுன்னுதான் வாசிச்சாங்க. உறிஞ்சல்னு பிறகுதான் நிலைச்சது. கன்டினூவம் எங்கேன்னு தெரியாம மேடா பள்ளமான்னு எப்படிச் சொல்றது?

பட்டர்வொர்த்_வாசி: கோடு இருக்கு இல்லைங்கிறதுக்கு எஃப்-டெஸ்ட் (ரெண்டு மாடலை ஒப்பிடுற புள்ளியியல் சோதனை) போடாதீங்க, அதுக்கு அது செல்லாது. போலித் தரவு உருவாக்கிச் சோதிக்கிற சிம்எஃப்டெஸ்ட் ஓட்டுங்க, ராத்திரி விட்டுட்டு தூங்குங்க.

கேஎல்_மாணவன்: பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில உட்கார்ந்தே பண்ணேன், தே தாரிக் ஆறிப்போச்சு. 18-ல ஃப்ரீஸ் பண்ணா பள்ளம் 18.3-ல, 23-க்கு 22.7-ல. ரெண்டு கட்ஆஃப்பிஎல் போட்டதும் 20 பக்கம் சுத்தமா சமமாயிடுச்சு, 37 மட்டும் நிக்குது, 36.9. அக்கா, விண்மீனோட ஈர்ப்பு விசையால வர்ற சிவப்புப் பெயர்ச்சிக்கு 0.3 எடுத்திருக்கேன், சரிதானே?

பினாங்கு_அக்கா: வழக்கமா எடுக்கிறது அதுதான். கோட்டு ஆற்றல் = 11.6 × புலம் (லட்சம் கோடி காஸில்) ÷ (1 + சிவப்புப் பெயர்ச்சி), இந்தச் சூத்திரத்தில் போட்டா புலம் 4.1 வரும். ஆனா அது கோடு உருவாகிற இடத்துப் புலம்தான், விண்மீன் முழுக்க அந்த அளவுன்னு எழுதிடாதீங்க. இதில் கோட்டு ஆற்றல் பிரகாசத்தோட கூடும். வி 0332+53-ங்கிற இன்னொரு நியூட்ரான் விண்மீன்ல பிரகாசம் ஏறினா குறையும். ஃபிளக்ஸையும் (நமக்கு வந்து சேர்ற எக்ஸ்ரே அளவு) பக்கத்தில் எழுதி வைங்க.

கேஎல்_மாணவன்: எழுதிட்டேன். "புதிய அடிப்படைக் கோடு"ன்னு தலைப்பு வச்ச ஸ்லைடையும் அழிச்சாச்சு.