பக்கத்து வீட்டுச் சின்சில்லா சாப்பிடவில்லை, கரண்டும் நிலையாக இல்லை. என்ன செய்யலாம்?

நாவற்குடா வாசகி:
வணக்கம். பக்கத்து வீட்டு அண்ணா குடும்பத்தோடு கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்வரை அவர்களுடைய இரண்டு சின்சில்லாக்களும் (முயலைவிடச் சிறிய, அடர்ந்த மயிருள்ள கொறிக்கும் விலங்கு) என் பொறுப்பில். ஏசி அறையின் சாவி, உலர்ந்த புல், தீன், அவை தண்ணீருக்குப் பதில் புரண்டு குளிக்கும் தூள் எல்லாம் தந்துவிட்டுத்தான் போனார். கச்சான் காற்று அடிக்கும் இந்த நாட்களில் மத்தியானம் கரண்ட் அடிக்கடி போகிறது. ஏசி நின்றால் அந்த அறை அடுப்படிபோல் ஆகிவிடும்.

நேற்று கரண்ட் போன நேரம் பெரியது காது சிவந்து, உடம்பை நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. ஏசி வந்ததும் எழும்பிவிட்டது. ஆனால் புல்லை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடுகிறது. சின்னதுக்கு ஒன்றுமில்லை, வழக்கம்போல் சாப்பிடுகிறது. குளிப்பாட்டினால் சூடு இறங்கும் என்கிறார் மாமி. குளிக்கும் தூளும் முடியப்போகிறது, கல்லடிக் கடற்கரை மணலை அரித்து வைக்கலாமா? அண்ணாவுக்கு இப்போதே சொல்லவா? கலியாண வீட்டில் பதறவைக்க மனம் வரவில்லை.

ஏறாவூர் முயல்காரர்:
தங்கச்சி, எங்கள் முயல்களுக்கும் இந்தக் காற்றுக்கு இப்படித்தான் வரும். ஈரச் சாக்கைக் கூட்டின் மேல் போட்டு பேனைத் திருப்பி விடுங்கள். வெள்ளரிக்காய் ரெண்டு துண்டு வையுங்கள், எழும்பிவிடும்.

பேராதனையில் படித்தவள்:
ஏறாவூர் நானா சொன்னது முயலுக்குச் சரியாக இருக்கலாம், இதற்கு வேண்டாம். சின்சில்லா தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில், வறண்ட குளிரில் வாழும் விலங்கு. அதன் ஒரே மயிர்த்துளையிலிருந்து 50க்கும் மேற்பட்ட மயிர்கள் முளைக்கும். வியர்க்காது, அதனால் பேன் காற்று மட்டும் அதன் சூட்டைத் தணிக்காது. ஈரச் சாக்கு அறையின் ஈரப்பதத்தைத்தான் கூட்டும்.

25 பாகைக்கு மேலே போனாலே கவனம் வேண்டும். மட்டக்களப்பில் இந்த மாதங்களில் இரவில்கூட அதற்குக் கீழே இறங்குவது அரிது. கடல் காற்று வருகிறதென்று யன்னலைத் திறந்துவைத்து நம்பியிருக்க முடியாது. ஏசியை 20க்குப் பக்கத்தில் வையுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு ஐஸ் கட்டிய தண்ணீர்ப் போத்தல்களைத் தடித்த துணியில் சுற்றிக் கூட்டுக்கு வெளியே, கம்பியோடு ஒட்டி வையுங்கள். உள்ளே வைத்தால் பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்றுவிடும். மாபிள் அல்லது டைல் துண்டு ஒன்றைப் பிரிட்ஜில் குளிரவைத்துக் கூட்டுக்குள் போட்டால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். கூரைத் தகட்டுக்குக் கீழே உள்ள அறையென்றால் கூட்டைச் சீமெந்துத் தரையுள்ள உள் அறைக்கு மாற்றுங்கள். கரண்ட் வரத் தாமதமானால் கார் ஏசியும் உதவும்.

மாமியிடம் அன்பாகச் சொல்லுங்கள், தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. அந்த அடர்ந்த மயிர் உள்ளே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மறுபடி காது சிவந்தால் குளிர்ந்த (ஐஸ் அல்ல) தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதையும் பாதத்தையும் மட்டும் ஒற்றிவிட்டு, உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கடற்கரை மணலும் வேண்டாம். அது பரும்படி, உப்பு வேறு. குளிக்கும் தூள் எரிமலைச் சாம்பல் வகையைச் சேர்ந்த, மாவுபோல் நுண்ணிய பொடி. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்தால் இருக்கிற தூளே இன்னும் கொஞ்ச நாள் வரும். சில நாள் குளிக்காவிட்டாலும் சாகாது, சாப்பிடாவிட்டால் சாகும்.

அதனால் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். புழுக்கை எப்படி இருக்கிறது? நாடிக்குக் (தாடைக்குக்) கீழே மயிர் நனைந்திருக்கிறதா?

நாவற்குடா வாசகி:
பார்த்தேன் அக்கா. பெரியதின் புழுக்கை சின்னதின் பாதி அளவுதான், எண்ணிக்கையும் குறைவு. நாடியிலும் நெஞ்சிலும் மயிர் ஈரமாக ஒட்டிக்கிடக்கிறது. தண்ணீர் குடித்த ஈரமென்று நினைத்தேன்.

பேராதனையில் படித்தவள்:
அது எச்சிலாக இருக்க வாய்ப்பு அதிகம். பல் பிரச்சினையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவற்றின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். கடைவாய்ப் பல் சரிவரத் தேயாவிட்டால் ஓரத்தில் முனை வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். பசி இருக்கும், மெல்ல வலிக்கும். எடுத்துக் கடித்துவிட்டுப் போடுவதாக நீங்கள் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. முன்பல் செம்மஞ்சள் நிறமாக ஒழுங்காகத் தெரிந்தாலும் உள்ளே கோளாறு இருக்கலாம், எக்ஸ்ரே இல்லாமல் சொல்ல முடியாது. நேற்றைய சூடு, ஏற்கெனவே இருந்த நோயை வெளியே காட்டியிருக்கலாம்.

சமையலறைத் தராசில் ஒரு டப்பா வைத்து இரண்டையும் நிறுங்கள். வளர்ந்தது பொதுவாக 400 முதல் 600 கிராம்வரை இருக்கும். தினமும் ஒரே நேரம் நிறுத்து எழுதுங்கள். தூக்கும்போது வயிற்றுக்குக் கீழே இரு கையாலும் ஏந்துங்கள். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் கொத்தாக மயிரைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். அண்ணா வரும்போது மொட்டையாக நிற்கும்.

குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய விலங்கு இது. அரை நாள், ஒரு நாள் சாப்பிடாமல் விட்டாலே ஆபத்து. அது சாப்பிடும் தீனையே பொடித்து, தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்திப் பிடிக்க வேண்டாம், புரையேறும்.

அண்ணாவுக்கு இன்றே சொல்லுங்கள். மயக்கமருந்து கொடுக்கவோ செலவு செய்யவோ அவருடைய சம்மதம் வேண்டும். கலியாண வீடென்று மறைத்தால் நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அக்கரைப்பற்று ராத்தா:
இன்னொன்று மகள், வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் சிரப்பைக் கொடுத்துவிடாதீங்க. வாயால் கொடுத்தால் இதன் குடல் கிருமிகளின் சமநிலை கெட்டு உயிரே போகலாம். உலர்ந்த திராட்சை, வாழைப்பழம் வைத்துச் சாப்பிட ஆசைகாட்டவும் வேண்டாம், வயிறு ஊதும்.

நாவற்குடா வாசகி:
அண்ணாவோடு கதைத்தேன். பதறவில்லை, ‘மறுபடியுமா’ என்றுதான் கேட்டார். போன வருடமும் இதற்குக் கடைவாய்ப் பல்லைத் தேய்த்தார்களாம், என்னிடம் சொல்ல மறந்துவிட்டாராம். இங்குள்ள மிருக வைத்தியர் நல்ல மனிதர். ‘ஆடு மாடு என்றால் நான் பார்ப்பேன், இதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்’ என்று கடிதம் தந்தார். நிறை 430 கிராம். அண்ணா எழுதிவைத்திருந்தது 510. குழைத்த தீனைக் கொஞ்சம் விழுங்குகிறது. சின்னதை மாமியோடு விட்டுவிட்டுப் போகலாமா?

பேராதனையில் படித்தவள்:
80 கிராம் பெரிய இறக்கம், நாளைக்கே போங்கள். இரண்டையும் கொண்டுபோவது நல்லது. கரண்ட் போகும் வீட்டில் சின்னதை விடுவதும் ஆபத்து. பிரிந்திருந்து மருந்து வாசனையோடு திரும்பினால் சண்டை பிடிக்கவும் கூடும். புறப்படுமுன் மருத்துவமனைக்குப் போன் பண்ணி, சின்சில்லா என்று சொல்லி நேரம் கேளுங்கள். விடியுமுன் ஏசி வாகனத்தில் வெளிக்கிட்டால் செங்கலடி, மகாஓயா தாண்டி மகியங்கனைக்கு வெயில் ஏறுமுன் வந்துவிடலாம். அதற்கப்பால் ‘18 வளைவு’ மலைப்பாதை, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பெட்டிக்குள் உலர்ந்த புல் போடுங்கள், வழியிலும் சிரிஞ்சால் கொடுங்கள். டொக்டர் சொல்லாமல் பட்டினி போடாதீர்கள், இவற்றால் வாந்தி எடுக்க முடியாது. அண்ணாவின் சம்மதத்தை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போன வருட எக்ஸ்ரே இருந்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.