தூங்குறது மாடு, கொம்பு இல்ல

காங்கேயத்தான்:
எங்க மயிலைக் காளைக்குக் கொம்புப் புத்துநோய் வந்து, போன வாரம் கொம்பை எடுத்தாங்க. டாக்டர் சைலசின் ஊசி போட்டாருங்க. கொஞ்ச நேரத்துல தலை தொங்கிப்போச்சு, எச்சில் கயிறு கயிறா இறங்குது, முன்னங்கால மடக்கிப் படுத்து ஒரே குறட்டை. இனி அறுக்க வேண்டியதுதான்னு நான் கயித்தைப் பிடிச்சா, மனுசன் இன்னொரு ஊசிய எடுத்து, கண்ணுக்கும் கொம்படிக்கும் நடுவுல எலும்பு மேட்டுக்குக் கீழ குத்துறாரு. மரத்துப்போக வைக்குற லிக்னோகெய்னாம். "அதான் தூங்குதுங்களே சார், இது எதுக்கு?"ன்னேன். "தூங்குறது மாடுய்யா, கொம்பு இல்ல"ன்னாரு.

சொன்னதோட விடல. மரத்த பக்கம் ஊசி முனையால குத்திக் காமிச்சாரு, ஒரு அசைவும் இல்ல. அதே முனைய ஊசி போடாத அந்தப் பக்கக் கொம்படில வச்சாரு பாருங்க, குறட்டை விட்டுட்டிருந்த காளை வெடுக்குனு தலைய இழுத்துச்சு! உங்க யாருக்காச்சும் இப்படி அனுபவம் இருக்குதுங்களா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
உங்க டாக்டர் செஞ்சதுதான் முறை. சைலசின் 1962ல ஜெர்மனியில பேயர் கம்பெனி கண்டுபிடிச்ச மருந்து. உடம்பை விழிப்பா வைக்குற நார்அட்ரினலின் நரம்புல சுரக்குறதைக் குறைக்கும். அதனால தூக்கம் வரும், தசை தளரும், வலியும் கொஞ்சம் மட்டுப்படும். ஆனா மூணும் சேர்ந்து முடியாது. தூக்கக் கலக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், வலி மட்டுப்படுறது பெரும்பாலும் 15 முதல் 30 நிமிஷந்தான். மிச்ச நேரம் மாடு சும்மா படுத்திருக்கும், வலி உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

மாட்டுக்கு இது ரொம்பவே ஏறும். குதிரைக்குப் போடுறதுல பத்துல ஒரு பங்கு போதும். குதிரை படுக்காது, நின்னபடியே மூக்கு முழங்காலுக்கு வர்ற அளவு தலையைத் தொங்கப்போடும். அசந்துடுச்சுன்னு நம்பிப் பின்னங்கால் பக்கம் போனா உதை விழும், குறியும் தப்பாது. நிறைமாதச் சினை மாட்டுக்கு இதைத் தொடவே கூடாது, கருப்பை சுருங்கும். படுத்த மாட்டை ஒருக்களிச்சுக் கிடக்கவும் விடாதீங்க, வயிறு உப்பிடும்.

வேளச்சேரி ப்ரியா:
எங்க லேப்ரடாருக்கு ஒரு தீபாவளிக்கு அசிப்ரோமசின் மாத்திரை கொடுத்தாங்க. கட்டிலுக்கு அடியில அப்படியே கிடந்தான். வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா, கண்ணோட உள்ஜவ்வு பாதி வரைக்கும் ஏறியிருக்கு, ஒவ்வொரு லட்சுமி வெடிக்கும் உடம்பு அதிருது. ஓட முடியல, அவ்வளவுதான். அந்த மருந்து உடம்பை அடக்கும், பயத்தை எடுக்காது, வலிக்கும் கேட்காதுன்னு வேற டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சது. வீட்டுக்காரங்க நிம்மதிக்காகக் கொடுக்குற மாத்திரைன்னுதான் எனக்குத் தோணுது.

நைட்ட்யூட்டி நர்ஸ்:
ப்ரியா, ஐசியூலயும் இதே கதைதான்ப்பா. வென்டிலேட்டர்ல இருக்குறவங்களுக்கு ப்ரொபோஃபால், மிடசோலம் ஓடும். ரெண்டும் தூங்க வைக்கும், வலி போக்காது. அதுக்குத்தான் பக்கத்துலயே ஃபென்டனில். பேச முடியாதவங்க வலியைக் கணக்குப் போட முகம், அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோட ஒத்துப்போறாங்களான்னு நாலு பார்ப்போம். ஒவ்வொண்ணுக்கும் 2 வரைக்கும், மொத்தம் 8.

தசையை முடக்குற வெக்குரோனியம் ஓடுறவங்ககிட்ட இந்தக் கணக்கும் செல்லாது. தசையே செத்த மாதிரி கிடக்கும், நெத்திகூடச் சுருங்காது. அவங்களைப் பக்கவாட்டுல திருப்பும்போது என் கண்ணு மானிட்டர்லதான் இருக்கும். பல்ஸும் பிபியும் எகிறி, கண்ணோரம் தண்ணி வந்தா உடனே டாக்டரைக் கூப்பிட்டுருவேன். "பேஷன்ட் கம்முனு இருக்காரே சிஸ்டர்"னு அட்டெண்டர் சொல்வார். கம்முனு இருக்குறதுதானே பிரச்சனை!

மதுரைக்காரி:
எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். வண்டில விழுந்து மணிக்கட்டு விலகிருச்சு. கெட்டமின் போட்டு எலும்பை இழுத்து உட்கார வச்சாங்க. நான் கண்ணை முழிச்சுக்கிட்டு, கையை ஆட்டி, என்னமோ கத்துனேனாம். என் தம்பி "அக்காவுக்கு வலிக்குது, நிறுத்துங்க"ன்னு டாக்டர்கிட்ட மல்லுக்கு நின்னுட்டான். எனக்கு அப்படி எதுவுமே தெரியல. சுவரு தள்ளித் தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு, வலி சுத்தமா இல்ல.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
கெட்டமின் அப்படித்தாம்மா. கண்ணு திறந்திருக்கும், கை கால் அசையும், வலி மட்டும் மூளைக்கு எட்டாது. அதையும் 1962லதான் அமெரிக்காவில தயாரிச்சாங்க. காட்டு யானைக்குத் துப்பாக்கி ஊசியில சைலசின், கெட்டமின் ரெண்டையும் கலந்து அடிக்குறது உண்டு. யானை நின்னபடியே சொக்கும், தும்பிக்கை துவண்டு தொங்கும், காது விசிறுறது நின்னுடும். காதுதான் அதுக்கு உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, அதனால மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். கால் தள்ளாடினாலும் கும்கி முட்டித் தள்ளினா லாரிக்கு நடந்துடும்.

காங்கேயத்தானே, காளை எப்படி இருக்கு? லிக்னோகெய்ன் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல இறங்கியிருக்குமே, அதுக்கப்புறம் வலிக்கு என்ன கொடுத்தாங்க?

காங்கேயத்தான்:
மெலாக்சிகாம் போட்டாங்க சார், மறுநாளும் வந்து ஒண்ணு போட்டாங்க. எந்திரிச்சப்ப பின்னங்கால் பின்னிக்கிச்சு, நிலையா நிக்குற வரைக்கும் தண்ணி காட்டாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. இப்பத் தீவனம் எடுக்குது. ஈ உக்காராம பார்க்குறதுதானுங்க பெரும்பாடா இருக்குது.