மகளை விமானிப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும்: முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டலாமா?

ஹலசூர் அச்சகத்தார்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் ஹலசூரில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும்தான் பிழைப்பு. என் மகள் இந்த ஆண்டு இயற்பியல், கணிதத்தோடு பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்துவிட்டாள். 2017-இல் எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடந்தபோது கூட்டிப்போய்க் காட்டினேன். அன்று பிடித்த பிடிவாதம், விமானி ஆவதைத் தவிர வேறு படிப்பு வேண்டாம் என்கிறாள்.

வெளிமாநிலப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலிருந்து தினமும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். இந்த வாரக் கடைசிக்குள் முழுக் கட்டணத்தையும் கட்டினால் நான்கு லட்சம் குறைப்பார்களாம். பதினெட்டு மாதத்தில் உரிமம் கைக்கு வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. அதை விற்றால்தான் பணம். என் மனைவி, இங்கே பெங்களூர் ஜக்கூரில் இருக்கும் பயிற்சிப் பள்ளியிலேயே சேர்க்கலாமே, பிள்ளை கண்முன் இருப்பாளே என்கிறாள். மகளுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி வேறு இருக்கிறது. இந்தத் துறையில் எங்களுக்கு யாரையும் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கம்மனஹள்ளி விமானி

ஐயா, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நிலத்தையும் இந்த வாரம் விற்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

நான் இப்போது ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. என் அப்பா கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கம்மனஹள்ளியில் ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் என்னைச் சேர்த்தார். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். எனக்கும் பதினெட்டு மாதம் என்றுதான் சொன்னார்கள். உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரம் பறந்து முடிக்க எனக்கு முப்பத்து நான்கு மாதம் ஆயிற்று. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் "எத்தனை மணி ஆச்சும்மா?" என்று கேட்பார். மாதக்கணக்கில் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஏன் இழுத்தது என்பதற்குப் பெரிய இரகசியம் இல்லை. வண்ணக் கையேட்டில் எட்டு விமானங்கள் இருந்தன. நாங்கள் சேர்ந்தபோது பறந்துகொண்டிருந்தவை மூன்று. மாணவர்கள் அறுபது பேர். ஒரு விமானம் நாளைக்கு ஐந்து மணி நேரம், மழை, காற்று, பழுது எல்லாம் போக மாதத்தில் இருபது நாள் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து மாதம் 300 மணி. அறுபது பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து மணி. 200 மணிக்கு நாற்பது மாதம்! சிலர் பாதியில் விட்டுப்போனதால்தான் எனக்கு ஆறு மாதம் மிச்சமாயிற்று. எனவே ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதைவிட, இன்றைக்குப் பறக்கிற விமானம் எத்தனை, மாணவர் எத்தனை பேர், பயிற்றுநர் எத்தனை பேர் என்று கேளுங்கள். போன மாதம் பள்ளி மொத்தமாக எத்தனை மணி பறந்தது என்றும் கேளுங்கள். நேர்மையான பள்ளி பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்.

நேரில் போங்கள், சொல்லாமல், விடியற்காலை ஆறு மணிக்கு. பயிற்சிப் பறப்புக்கு நல்ல நேரம் அதுதான். வெயில் ஏறினால் சின்ன விமானத்தைக் காற்று தூக்கிப் போடும். அந்த நேரத்தில் விமானங்கள் வெளியே வரிசையாக நின்று, பிள்ளைகள் இறக்கைக்கு அடியில் குனிந்து எரிபொருளைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்போம். அவ்காஸ் என்கிற சின்ன விமான எரிபொருள் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத முத்துப்போல உருண்டு நிற்கும். அதைக் கண்டுவிட்டால், தண்ணீர் போகும்வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். முதன்முதலாகத் தனியாகப் பறந்த காலையில் நான் நான்கு முறை வடித்துப் பார்த்தேன், கை நடுங்கியது. பள்ளி நன்றாக நடக்கிறதா என்பதை அந்த ஆறு மணிக் காட்சியே காட்டிவிடும். ஆறு மணிக்கு விமானக் கொட்டகை பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மாணவர்களைக் கேண்டீனில் பிடித்துப் பேசுங்கள், அலுவலக அறையில் வேண்டாம். "கடைசியாக எப்போது பறந்தாய்?" என்ற ஒரு கேள்வி போதும்.

பணத்தைத் தவணையாகத்தான் கட்ட வேண்டும். பறந்த மணிக்கு ஏற்பக் கட்டணம், விலகினால் மீதி திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். அவசரப்படுத்தித் தள்ளுபடி தருபவர்களுக்கு உங்கள் பணம் எதற்கோ தேவைப்படுகிறது என்றே நான் நினைக்கிறேன். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏ, அதாவது உரிமம் தரும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதையும் பாருங்கள், ஆனால் நேரில் போவதற்கு அது ஈடாகாது.

இன்னொன்று. தங்கை, அதாவது உங்கள் மகள், இப்போதே எழுத்துத் தேர்வுகளுக்குப் படிக்கட்டும். வழிசெலுத்தல், வானிலை, வான் விதிமுறைகள், தொழில்நுட்பம், ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு வேண்டும். இவற்றை முடித்துவிட்டுப் போனால் அங்கே பறப்பதில் மட்டும் மனத்தை வைக்கலாம். நான் இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு மிகவும் தவித்தேன். உரிமம் வந்தபிறகும் ஏர்பஸ், போயிங் போன்ற ஒரு ரகத்தை ஓட்டுவதற்கான தகுதிக்கு, டைப் ரேட்டிங் என்பார்கள், அதற்குத் தனியாகப் பல லட்சம் ஆகும். நிலத்தை விற்ற பணத்தில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

முருகேஷ்பாளையா பராமரிப்புப் பொறியாளர் (ஓய்வு)

தம்பி, அந்தப் பெண் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவச் சோதனை. முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு அதைவிடக் கடுமையான முதல் வகுப்புச் சோதனை. வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு கட்டாயம். அதற்கான விமானப்படை மருத்துவ மையம் நம் ஊரிலேயே, பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பயப்பட வேண்டாம், வரம்புக்குள் இருந்து, கண்ணாடி போட்டால் பார்வை சரியாகிறது என்றால் தடையில்லை. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். பயிற்சியில் பாதித் தூரம் போய்விட்டு முதல் வகுப்பில் தவறிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். வீடே அழும்.

கொட்டகைக்குள் போனால் பின்பக்கம் பாருங்கள். எஞ்சின் கழற்றிய விமானம், ஒன்றிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டிய பாகம், தூசி படிந்த சக்கரம் இருந்தால் அது பறக்கும் கணக்கில் சேராது. ஐம்பது மணி, நூறு மணிச் சோதனைகளை அங்கேயே செய்யப் பொறியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டுமானால் ஒவ்வொரு சோதனைக்கும் விமானம் நாள்கணக்கில் நிற்கும்.

ஜக்கூரைப் பற்றி: ஒரு பக்கம் எலகங்கா விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் தேவனஹள்ளி பன்னாட்டு நிலையம். வான்வெளி நெருக்கடியானது. அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

ஹலசூர் அச்சகத்தார்

பொறியாளர் ஐயாவுக்கும் விமானி அம்மாவுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி, மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கே போனோம். ஆறு மணிக்கு வாசலில் காவலாளி மட்டும் இருந்தார். ஏழரைக்குக் கொட்டகை திறந்தது. ஆறு விமானங்களை எண்ணினோம். ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, இரண்டு தார்ப்பாய்க்கு அடியில். தேநீர்க் கடையில் ஒரு தமிழ்ப் பையன், மதுரைப் பக்கம், கடைசியாகப் பறந்து பதினொரு நாள் ஆயிற்று என்றான். மகள் அவனிடம் அரைமணி நேரம் பேசினாள். திரும்பும் வழியில் அவளே, "இங்கே வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். பணம் கட்டவில்லை. இரண்டாம் வகுப்புச் சோதனைக்கு வரும் புதன்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. அதற்கு முன் ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா?

கம்மனஹள்ளி விமானி

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் காதில் அழுக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள், கேட்கும் திறன் சோதனையில் அதனாலேயே தடுமாறுவார்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்கட்டும். பழைய கண்ணாடிச் சீட்டையும், சின்ன வயதில் அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருந்தால் அந்தக் காகிதங்களையும் கையோடு கொண்டுபோங்கள். எதையும் மறைக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். புதன்கிழமை முடிந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.